வாடிவாசல் ஊரில் முட்டைப் பந்து

வந்து சேர்ந்த ஆட்டங்கள் – 14

2025 ஜூன் மாதம் மும்பையில் ‘சென்னை புல்ஸ்’ என்றொரு அணி கோப்பை வாங்கியது. இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41–0 என்று துவைத்து எடுத்தது. இந்தியாவின் முதல் ரக்பி பிரீமியர் லீக் அது. சென்னையின் பெயரில் ஒரு கிரிக்கெட் அணி ஜெயித்திருந்தால் நார்த்தாமலை டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இருந்திருக்காது. இந்த வெற்றி எத்தனை ஊர்களின் காதுக்கு எட்டியது?

நார்த்தாமலையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விஜயாலய சோழீஸ்வரம் பார்க்க வருகிறவர்களுக்கு இது மொட்டைப் பாறைகளும் பழங்கோயிலும் உள்ள ஊர். சுற்றுவட்டாரத்துக்கோ முத்துமாரியம்மன் ஊர்; மாடு அவிழ்க்கிற ஊர். இது இருக்கும் புதுக்கோட்டை, ஜல்லிக்கட்டுக்குப் பெயர்போன மாவட்டம். ஆண்டின் முதல் வாடிவாசல் பல வருஷமாகத் தச்சங்குறிச்சியில்தான் திறக்கிறது. 2019இல் விராலிமலையில் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்தார்கள். காளையைப் பெயராக வைத்துக்கொண்ட அணிக்கு இந்த மண்ணில் ஒரு ரசிகர்கூட இல்லையென்றால், அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது.

ரக்பி இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமுமாக நின்று ஆடினார்கள். அடுத்த மாதமே ஒரு கிளப் பிறந்தது. உறுப்பினர்களுக்கு இலவச மது. ஆள் சேரக் கேட்க வேண்டுமா? பிறகு அந்த இலவசம் நின்றது. ஆட்டத்துக்கு ஆள் கொடுத்த ராணுவப் படைப்பிரிவு ஊரைவிட்டுப் போனது. போலோவும் டென்னிஸும் வந்தன. 1878இல் கிளப்பை மூடினார்கள். வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடியாகவும் ஒரு யானை மூடியின் மேலுமாக ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்ளும் ‘கல்கத்தா கோப்பை’ அதுதான். நம் ரூபாய் அங்கே போனது. ஆட்டம் இங்கே கிளப் காம்பவுண்டைத் தாண்டவில்லை. அகில இந்தியப் போட்டி 1924இல் தொடங்கியும், இந்தியாவின் தேசிய அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆட 1998 ஆயிற்று. அந்த அணியில் ஆடிய ஒருவரை நமக்குத் தெரியும். ‘விஸ்வரூபம்’ படத்தில் வில்லனாக வந்த ராகுல் போஸ். பின்னாளில் இந்திய ரக்பி சங்கத்தின் தலைவரும் ஆனார்.

இதே வெள்ளைக்காரர்கள் இதே ஆட்டத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது அந்நியச் சீமை அல்ல. இந்த வறண்ட பூமியிலிருந்து கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குக் கிளம்பிய குடும்பங்கள் ஏராளம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களும் உண்டு. துரைமார் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஆனால் இலங்கையில் ஆட்டம் துரைமாரோடு முடிந்துபோகவில்லை. கண்டியில் கிங்ஸ்வுட் பள்ளியைத் தொடங்கிய எல்.ஈ. பிளேஸ் என்ற ஆசிரியர், 1891இல் தன் மாணவர்கள் கையில் அந்தப் பந்தைக் கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. 1945 முதல் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டிக்கும் நடக்கும் பிராட்பி கேடயம், கிரிக்கெட் பைத்தியம் பிடித்த அந்த நாட்டில் இன்றைக்கும் திருவிழா மாதிரி.

கல்கத்தாவில் ஆட்டத்துக்கு மதுக்கூடம் இருந்தது. கண்டியில் வாத்தியார் இருந்தார். என் கணக்கில் வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தியாவிலும் ரக்பி உயிர்பெற்ற இடங்களைப் பாருங்கள். புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடக் கல்வி நிறுவனம் ‘கிஸ்’. அங்கே படித்த பையன்கள் 2007இல் லண்டன் போய், 14 வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசப் பள்ளிப் போட்டியை ஜெயித்து வந்தார்கள். அதன் பிறகு ஒடிசாப் பெண்கள் இல்லாமல் இந்திய மகளிர் அணி இல்லை என்கிற நிலை. பீகாரில் பாட்னா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரி ஓட்டப்பந்தயக்காரி. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ரக்பிக்குக் கூப்பிட்டார்கள். 2019இல் உலக அளவில் சிறந்த இளம் வீராங்கனை என்று ‘ஸ்கிரம் குயின்ஸ்’ இணையதளம் தேர்ந்தெடுத்த பெயர் அவருடையது. கிரிக்கெட் அகாடமிக்குப் பீஸ் கட்ட முடியாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இவர்கள்.

நம் பக்கம் கபடி இருக்கிறதே, கபடிக்காரனை அப்படியே ரக்பிக்கு மாற்றிவிடலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஆளைப் பாய்ந்து மடக்கும் துணிச்சல், தாழ்ந்து நிற்கும் இடுப்பு, தொடைப் பிடி எல்லாம் உதவும். ஆனால் கபடியில் பிடித்தவனை மூச்சு விடும்வரை விடக் கூடாது. ரக்பியில் ஆள் தரையில் விழுந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் பெனால்டி. தோளுக்கு மேலே கை போனாலும் தவறு. அந்த விதத்தில் மாடுபிடிக்காரனுக்கு ஒழுங்கு இன்னும் நன்றாகப் புரியும். வாலைத் தொடாதே, கொம்பைத் தொடாதே, திமிலை மட்டும் அணை என்று கேட்டே வளர்ந்தவன் அவன். பந்தைப் பின்னால்தான் வீச வேண்டும் என்பதுதான் யாருக்கும் லேசில் படியாத விதி.

மைதானம் ஒரு சிக்கல். நூறு மீட்டர் நீளம் வேண்டும். விழுந்தால் தோல் உரியாத தரை வேண்டும். சரளையும் பாறையுமான இந்த ஊரில் கோடையில் வற்றிய கண்மாய்தான் பரந்த இடம், அங்கே ஏற்கெனவே ஸ்டம்பு நட்டிருக்கும். ஆகவே ஆளை மடக்காமல் தொட்டால் போதும் என்கிற ‘டச்’ ரக்பியை வைத்துத்தான் பள்ளியில் ஆரம்பிக்க முடியும். அதற்குப் பி.இ.டி. வாத்தியார் வேண்டும், அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமலும் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பையன்களிடமே போக வேண்டாம் என்பேன். கிரிக்கெட்டும் கபடியும் மாடும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டாயிற்று. எட்டாம் வகுப்போடு மைதானத்தை விட்டு விலகிவிடும் பெண் பிள்ளைகளை எந்த ஆட்டமும் இன்னும் கேட்டு வரவில்லை. ஒடிசாவிலும் பீகாரிலும் ரக்பி பெயர் வாங்கியது பெண் பிள்ளைகள் வழியாகத்தான். “அரை டிராயர் போட்டுக்கிட்டா? மூக்கு ஒடஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?” என்று அம்மாக்கள் கேட்பார்கள். பதக்கம் வாங்கினால் அரசு வேலை என்ற திட்டத்தில் ரக்பி ஆடிய பெண்களுக்கும் பீகார் நியமன உத்தரவு கொடுத்தது. எந்தப் பேச்சையும்விட அம்மாக்களிடம் எடுபடுவது அந்தத் தாள்தான். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சென்னை புல்ஸை நடத்துகிறவர்கள் அடுத்த ஏலத்துக்கு முன் ஒரு நாள் புதுக்கோட்டைப் பக்கம் வந்து, எந்த அரசுப் பள்ளியில் வேகமாக ஓடும் பெண்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும்.

(தொடரும்)