தமிழ்நாட்டில் சூதாட்ட ஒழுங்குமுறை

தமிழ்நாட்டில் சூதாட்ட ஒழுங்குமுறை என்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள், குதிரைப் பந்தயம், பரிசுச்சீட்டு, இணையவழி விளையாட்டுகள் ஆகியவற்றை அம்மாநிலத்தில் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் இயற்றப்பட்ட சட்டங்களையும், அவற்றின் மீது எழுந்த நீதிமன்றத் தீர்ப்புகளையும் குறிக்கும். இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவு "பந்தயமும் சூதாட்டமும்" என்னும் பொருளை மாநிலச் சட்டமன்றங்களிடம் ஒப்படைக்கிறது. இதனால் கோவாவில் உரிமம் பெற்று நடக்கும் ஒரு தொழில் தமிழ்நாட்டில் குற்றமாக இருக்க முடிகிறது. அரசுகளே நடத்தும் பரிசுச்சீட்டு மட்டும் ஒன்றியப் பட்டியலில் உள்ளது.

பழைய சட்டங்கள்

சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும், பிற பகுதிகளுக்கு 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் அடிப்படையாக அமைந்தன. இரண்டும் பிரித்தானியர் காலத்தவை. சூதாடுபவரைவிட சூதாடும் இடத்தையே இவை முதன்மையாகக் குறிவைத்தன. சீட்டு, பகடை போன்ற கருவிகளை வைத்து, ஆட்டத்திலிருந்தோ இடத்திலிருந்தோ உரிமையாளர் ஆதாயம் பெறும் வீடு, அறை, கூடாரம், வண்டி, படகு என எதுவும் "பொதுச் சூதாட்ட விடுதி" ஆகும். அங்கே காவல்துறை சோதனையிட்டுக் கைது செய்யலாம். வீட்டுத் திண்ணையில் நண்பர்கள் ஆடும் சீட்டு இந்த வரையறைக்குள் எளிதில் வராது. வீட்டுக்காரர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கினால் வந்துவிடும்.

இச்சட்டங்களில் இருந்த ஒரு சிறு விலக்கே பிற்கால வழக்குகளுக்கெல்லாம் வாசலாயிற்று. வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு, அவை எங்கே ஆடப்பட்டாலும், சூதாட்ட விடுதி பற்றிய பிரிவுகள் பொருந்தா என்பதே அது.

திறமையா, வாய்ப்பா?

1957இல் சமர்பாக்வாலா வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைக் கிழித்தது. சூதாட்டம் வணிகமாகாது, ஆகவே தொழில் செய்யும் அடிப்படை உரிமை அதற்குக் கிடையாது. திறமை மேலோங்கிய போட்டிக்கு அந்த உரிமை உண்டு. அடுத்து செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தில் நடந்த சோதனையிலிருந்து எழுந்த சத்தியநாராயணா வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று அதே நீதிமன்றம் கூறியது. எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். மூன்று சீட்டு போன்ற ஆட்டங்கள் இப்படிப்பட்டவை அல்ல. இருந்தாலும் மன்றத்தை நடத்துபவர் ரம்மி ஆட்டத்தின் பந்தயப் பணத்திலிருந்து ஆதாயம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது.

இந்த அளவுகோல் தொழில் நடத்துபவரின் உரிமையை நன்றாக அளக்கிறது. பணத்தை இழப்பவரின் நிலையை அது அளப்பதில்லை. திறமை ஆட்டத்திலும் திறமை குறைந்தவர் தோற்றுக்கொண்டே இருப்பார். பிற்காலத்தில் மாநில அரசுக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே எழுந்த இழுபறி பெரும்பாலும் இந்த இடைவெளியில் நடந்ததுதான்.

குதிரைப் பந்தயம்

பழைய சட்டங்கள் குதிரைப் பந்தயத்துக்குத் தனி இடம் கொடுத்திருந்தன. பந்தயம் நடக்கும் நாளில், அதற்கென ஒதுக்கப்பட்ட அடைப்புக்குள் பணம் கட்டுவது "சூதாட்டம்" என்னும் வரையறையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. பணம் கட்ட இரண்டு வழிகள் உண்டு. "டோட்" எனப்படும் முறையில் எல்லோர் பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, கழிவு போக மீதி வென்றவர்களுக்குப் பங்கிடப்படும். புக்கிகளிடம் கட்டுவதானால் அவர் சொல்லும் விகிதத்தில் வென்ற தொகையை அவரே கொடுக்க வேண்டும்.

குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்க 1974இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1986இல், கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, அது சுமக்கும் எடை, ஓட்டுபவரின் திறன் ஆகியவற்றை ஆராய்ந்தே பணம் கட்டப்படுகிறது. ஆகவே இது திறமை ஆட்டம், சூதாட்டம் அன்று என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று வீழ்ந்தது.

சட்டத்தால் முடியாமல்போனதை நில உரிமை ஓரளவு செய்தது. கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 1946 முதல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகையில் கிளப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. வாடகை உயர்வு தொடர்பான வழக்கில் 730 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவையைச் செலுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்கு முத்திரை வைத்தது. உதகைப் பந்தய மைதானம் அதற்குச் சில மாதங்கள் முன்பே மீட்கப்பட்டது.

பரிசுச்சீட்டும் கேசினோவும்

தமிழ்நாடு அரசு 1968இல் தானே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003 ஜனவரியில் எல்லாப் பரிசுச்சீட்டு விற்பனையும் தடை செய்யப்பட்டது. பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் அதிகாரத்தை 1998ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் மாநிலங்களுக்குத் தருகிறது; ஆனால் தன் சீட்டை விற்றுக்கொண்டு அடுத்தவர் சீட்டை மட்டும் தடுக்க முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. கேரளம் 1967 முதல் அரசுப் பரிசுச்சீட்டை நடத்தி வருவதால், எல்லையோர ஊர்களுக்குப் போய்ச் சீட்டு வாங்கும் பழக்கம் மறையவில்லை.

கேசினோக்களுக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. கோவா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களையும், 1996இல் கடல்சார் கலங்களில் மேசை ஆட்டங்களையும் அனுமதித்தது. சிக்கிம் 2002இல் தனிச் சட்டம் இயற்றியது.

இணையவழி ஆட்டங்கள்

கைப்பேசி வந்தபின் "சூதாட்ட விடுதி" என்ற கருத்தே பயனற்றுப்போனது. பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியானதை அடுத்து, 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021இல் திருத்தச் சட்டமும் வந்தன. பணம் வைத்து ஆடும் திறமை ஆட்டங்களையும் சேர்த்துத் தடை செய்த இத்திருத்தத்தை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தீங்குக்குப் பொருந்தாத அளவுக்கு மிகையான தடை என்பது அதன் முடிவு.

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், 2022 அக்டோபரில் புதிய சட்டமுன்வடிவு நிறைவேறியது. ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆடுபவருக்கு 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரையும், நடத்துபவருக்கு 3 ஆண்டு சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் அபராதம் வரையும், அல்லது இரண்டும் விதிக்கலாம். ரம்மியும் போக்கரும் வாய்ப்பு ஆட்டங்களாக அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மென்பொருள் சீட்டைக் கலைக்கும்போது எதிராளியின் முகமும் தெரியாது, எதிரில் இருப்பது மனிதரா நிரலா என்பதும் தெரியாது என்பது அரசின் வாதம். அது நிறுவப்படவில்லை என்று கூறி, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த இரு ஆட்டங்களையும் அட்டவணையிலிருந்து நீக்கியது. ஆனால் சட்டத்தை நிலைநிறுத்தி, வயது, நேரம் போன்றவற்றில் கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு இடம் கொடுத்தது.

அந்த இடத்தைத் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் பயன்படுத்திக்கொண்டது. 2025 பிப்ரவரியில் அது வெளியிட்ட விதிகள் ஆட்டத்தைத் தடுக்காமல் ஆடும் விதத்தைக் கட்டின. 18 வயது நிறையாதவர் ஆடக்கூடாது. ஆதார் வழி சரிபார்ப்பு வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்நுழைய முடியாது. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆடினால் அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். நாள், வாரம், மாதம் என்று பண வரம்பு வைக்க வேண்டும். தூக்கமில்லாமல், இழந்ததை மீட்கும் வெறியில் ஆடும் நேரத்தைக் குறிவைத்தவை இவை. திறமையா வாய்ப்பா என்ற கேள்விக்கே இதில் வேலையில்லை. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவ்விதிகள் செல்லும் என்றது.

அடுத்த இரண்டே மாதங்களில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமை, வாய்ப்பு என்று பிரிக்காமல் பணம் வைத்து ஆடும் எல்லா இணையவழி ஆட்டங்களையும் இது தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாமா என்பது இச்சட்டத்தின் மீது எழுந்த கேள்விகளுள் ஒன்று. உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

வரி

2023 அக்டோபர் முதல் இணையவழிப் பண ஆட்டங்களுக்கும் கேசினோ, குதிரைப் பந்தயம் ஆகியவற்றுக்கும் 28 விழுக்காடு சரக்கு, சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. வென்ற தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரி தனி.

ஒன்றியச் சட்டம் இணையத்தோடு நின்றுவிடுகிறது. மன்றங்களில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் சீட்டுக்கு இன்றும் பழைய சூதாட்டச் சட்டங்களும் செகந்திராபாத் வழக்கின் தீர்ப்புமே பொருந்தும்.