அன்லிமிடெட்... ஆனா எத்தனை நாளைக்கு?

ராத்திரி 1.55-க்கு அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு. செமஸ்டருக்குப் படிக்க இல்லை பாஸ், டவுன்லோடு போட! நம்பிக்கை இல்லையென்றால் உங்க அண்ணனையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்க.

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வீடுகளுக்கு வந்தது 2005-ல். 256 கேபிபிஎஸ் வேகம் அப்போ ராஜ வாழ்க்கை. 2007-ல் அது 2 எம்பிபிஎஸ் ஆனது. ஆனால் 500 ரூபாய் பிளானில் மாசத்துக்கு 2.5 ஜிபிதான். தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் மீட்டர் ஓடும். ஒரே மாசத்தில் ஆயிரக்கணக்கில் பில் வந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. அதே பிளானில் ஒரு சலுகையும் இருந்தது. ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு வேணும்னாலும் இழுத்துக்கலாம். ஃப்ரீ!

ஒரு சின்ன கணக்கு போடுங்க. 2 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு கால் எம்பி. ஆறு மணி நேரத்துக்கு 5.4 ஜிபி. அதாவது மாசம் பூரா பகலில் தருவதைப் போல ரெண்டு மடங்கை ஒரே ராத்திரியில் சும்மா கொடுத்தாங்க! தலையெழுத்தா அவங்களுக்கு? இல்லை. 'அன்லிமிடெட் பிளான் கட்டுப்படியாகுமா?' என்ற கேள்விக்கான பதிலே இந்த ராத்திரிச் சலுகைக்குள்தான் இருக்கு.

மெஸ் இல்லை, டவுன் பஸ்

அன்லிமிடெட் என்றதும் எல்லாரும் சொல்லும் உதாரணம் ஹோட்டல் மீல்ஸ். 'கொஞ்சமா சாப்பிடுறவன் காசுல நிறைய சாப்பிடுறவன் பொழைக்கிறான்' என்பார்கள். கேட்க நல்லா இருக்கு, ஆனால் இங்கே பொருந்தாது. சோறு போடப் போட அரிசி குறையும். கேபிள் வழியாக நாலு ஜிபி போனாலும் நாற்பது ஜிபி போனாலும் எதுவும் தேய்ந்து போவதில்லை.

சரியான உதாரணம் டவுன் பஸ். காலை எட்டரை மணிக்குப் படிக்கட்டில் தொங்குறோம். அதே பஸ் மத்தியானம் காலியாக ஓடுது. எத்தனை பஸ் வாங்கணும் என்பதை முடிவு செய்வது அந்த எட்டரை மணிதான். மத்தியானம் ஏறும் பத்து பேரால் டிப்போவுக்குப் புதுச் செலவு எதுவும் கிடையாது. இன்டர்நெட்டின் எட்டரை மணி, ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை. அந்த நேரத்து நெரிசலைத் தாங்கும் அளவுக்குத்தான் கம்பெனி கொள்ளளவு வாங்குது. விடியற்காலை ரெண்டு மணிக்கு அந்தக் குழாய் எப்படியும் காலி. அதனால்தான் அந்தக் காலத்தில் தாராளம்!

இந்தக் கூட்ட நெரிசலைச் சரியாகக் கணிக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஏ.ஓ.எல். கம்பெனி மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டிருந்தது. 1996 டிசம்பரில் அதை நிறுத்தி, மாசம் 19.95 டாலர், எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க என்றது. மக்கள் உட்கார்ந்தார்கள், எழுந்திரிக்கவே இல்லை! டயல்-அப் காலம் அது. லைனை விட்டால் மறுபடி கிடைக்காது என்று தெரிந்ததும் ஒருத்தரும் விடலை. மற்றவர்களுக்கு போன் போட்டாலே 'எங்கேஜ்டு' சத்தம்தான். வழக்குகள் குவிந்து, 1997 ஜனவரியில் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டது கம்பெனி. இதில் கவனிக்க வேண்டியது, அன்லிமிடெட் ஐடியா சாகவில்லை. மோடங்களைக் கூட்டினார்கள், நிலைமை சரியானது.

100 எம்பிபிஎஸ் எங்கே போகுது?

இப்போ உங்க வீட்டு ஃபைபருக்கு வருவோம். வழக்கமான ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரு ஃபைபர் இழையில் இறங்கும் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறாங்க. 64 வீட்டுக்கும் தலா 100 எம்பிபிஎஸ் என்று விற்றால் 6.4 ஜிபிபிஎஸ் வேணும். இருப்பது 2.5. ஏமாத்து வேலையா? அவசரப்படாதீங்க. அத்தனை பேரும் ஒரே நொடியில் முழுசாக இழுத்தாலும் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் வரும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்.

அப்போ ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ ஏன் சுத்துது? சிக்கல் தெருவில் இல்லை, அதற்கு மேலே. ஒரு லோக்கல் ஆபரேட்டரிடம் ஆயிரம் வீடு இருக்குன்னு வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனியிடம் அவர் மொத்தமாக 3 ஜிபிபிஎஸ் வாங்கினால் நெரிசல் நேரத்தில் வீட்டுக்குச் சராசரி 3 எம்பிபிஎஸ். எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்ப்பதில்லை என்பதால் வண்டி ஓடிடும். 1 ஜிபிபிஎஸ் மட்டும் வாங்கினால்? அங்கேதான் சுத்த ஆரம்பிக்குது. இப்படிப் பகிர்ந்து விற்பது ரகசியமும் இல்லை. 2009-லேயே டிராய், வீட்டு இணைப்பு என்றால் 50 பேருக்கு மேல் ஒரே அலைவரிசையைப் பங்கு போடக் கூடாது என்று வழிகாட்டியது.

எனக்கே நடந்திருக்கு. கம்பெனி பெயர் வேண்டாம். ஒன்பது மணிக்கு படம் நகர மாட்டேங்குது, ஸ்பீடு டெஸ்ட் போட்டால் ஜம்முனு 98 காட்டுது. கஸ்டமர் கேர்காரர் 'சார், உங்க லைன் பக்கா' என்றார். பல சமயம் அந்த டெஸ்ட் சர்வர் கம்பெனி நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. தெருமுனை வரை அளந்துவிட்டு ஊர் வரை ரோடு சூப்பர் என்ற மாதிரி!

3300 ஜிபி ரகசியம்

'ட்ரூலி அன்லிமிடெட்' என்ற வார்த்தை 2020-ல் பிரபலமானது. ஆகஸ்ட் கடைசியில் ஜியோஃபைபர் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்று இறக்க, ஏர்டெல் 499-க்கு 40 எம்பிபிஎஸ் என்று பதில் கொடுத்தது. பொடி எழுத்தில் ஒரு எல்லை, மாசம் 3300 ஜிபி. அதைத் தாண்டினால் வீட்டு உபயோகம் இல்லை, வியாபாரம் என்று அர்த்தமாம்.

3300 ஜிபியை 30 நாளுக்குப் பிரித்தால் தினம் 110 ஜிபி. 30 எம்பிபிஎஸ் லைனை மாசம் பூரா நிறுத்தாமல் ஓடவிட்டால் 9700 ஜிபி தாண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் எல்லை. ஆனால் ஒரு குடும்பம் இதைத் தொடுவதே கஷ்டம். தொடுவது யாருன்னா, ஒரு கனெக்‌ஷனில் நாலு மாடி பி.ஜி. விடுதியை ஓட்டும் ஓனர்கள்! (உங்க ஓனரைப் பற்றி நான் எதுவும் சொல்லலை.)

காற்று வழி பிராட்பேண்டில் இந்தத் தாராளம் கிடையாது. 2023-ல் வந்த ஏர்ஃபைபர் பிளான்களில் 1000 ஜிபி என்று எல்லை போட்டாங்க. ஃபைபரில் இடம் பத்தலைன்னா பெட்டியை மாற்றலாம், இன்னொரு இழையைக் கொளுத்தலாம். அலைக்கற்றையை அப்படி நினைத்த நேரத்தில் கூட்ட முடியாது.

நஷ்டம் யாருக்கு?

அப்போ கம்பெனிக்குச் செலவே இல்லையா? நிறைய இருக்கு, ஆனால் ஜிபியில் இல்லை. தெருத்தெருவாக ஃபைபர் இழுக்கணும், கம்பத்துக்கு வாடகை கட்டணும், இலவச ரவுட்டர் தரணும். லாரி மோதி கேபிள் அறுந்தால் மழையில் ஆள் ஏறணும். போதாததற்கு ஓ.டி.டி. சந்தாவையும் சேர்த்துத் தர்றாங்க. நீங்க மாசம் பூரா ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்காவிட்டாலும் இந்தச் செலவு அப்படியே இருக்கும். 399-க்கு மேல் நாம் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போயிடும்.

இன்னொரு பக்கம், ஒரு ஜிபியைக் கொண்டுவரும் செலவு இறங்கிக்கொண்டே வந்திருக்கு. 2002-ல் சென்னை - சிங்கப்பூர் ஐ2ஐ கடல் கேபிள் வந்தது, பின்னால் மேலும் பல கேபிள்கள். அதைவிட முக்கியம், யூட்யூபும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் சர்வர் பெட்டிகளையே பெரிய கம்பெனிகளின் நெட்வொர்க்குக்குள் வைத்துவிடுகின்றன. நீங்க பார்க்கும் படம் கடல் தாண்டி வருவதில்லை, சென்னையிலேயே கிளம்பி வருது. ஆனால் அந்தப் பெட்டி கிடைக்க ஒரு குறைந்தபட்ச டிராஃபிக் வேணும். ஐந்நூறு வீடு வைத்திருக்கும் நம்ம கேபிள் டி.வி. அண்ணனுக்கு அது எங்கே கிடைக்கும்?

என் கணிப்பு இதுதான். ஃபைபரில் அன்லிமிடெட் தாக்குப் பிடிக்கும். 399 என்ற விலையும், அதோடு போட்டி போடும் சின்ன ஆபரேட்டர்களும் தாக்குப் பிடிப்பார்களா என்பதுதான் சந்தேகம். போட்டி குறைந்தால் என்ன நடக்கும் என்பதை மொபைலில் பார்த்தாச்சு. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. அன்லிமிடெட் 5ஜி-யும் தினம் 2 ஜிபி, அதற்கு மேல் உள்ள பிளான்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. வார்த்தை அதேதான், அதற்கான டிக்கெட் விலைதான் மாறியது.

அதனால் அடுத்த தடவை ரூம் மாறி நெட் போடும்போது 'எத்தனை எம்பிபிஎஸ்?' என்று மட்டும் கேட்காதீங்க. பக்கத்து ரூம் நண்பனிடம் அதே கனெக்‌ஷன் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்து ஒரு முழு படத்தை ஓட்டிப் பாருங்க. எல்லை எத்தனை ஜிபி, தாண்டினால் என்ன வேகம் என்று எழுத்தில் கேளுங்க. ஆறு மாசப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று யாராவது வந்தால், முதலில் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க. பாப்கார்ன் செலவு நண்பனோடது!