‘வீடு’ என்னும் சொல்

நாடோறும் நம் நாவில் வழங்கும் எளிய சொற்களுள் ‘வீடு’ என்பது ஒன்று. உழைத்துக் களைத்தவன் மாலையில் அடையும் இல்லத்திற்கும், துறவி வேண்டி நிற்கும் முத்திக்கும் இஃதொன்றே பெயராதல் வியப்பன்றோ? இச்சொல்லின் பிறப்பையும், இஃது உருபேற்குமாற்றையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

‘பெறு’ என்பது ‘பேறு’ எனவும், ‘கெடு’ என்பது ‘கேடு’ எனவும் நீண்டு பெயராதல்போல, ‘விடு’ என்னும் வினைப்பகுதி நீண்டு ‘வீடு’ ஆயிற்று. இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணநூலார். ஆகவே, விடுதலே இதன் முதற்பொருள். பற்றினை விடுதல் முத்தியாயிற்று. செலவினை விட்டுத் தங்குமிடம் இல்லமாயிற்று. இதற்குச் சான்று நம் மதுரையின் அண்மையிலேயே உளது. திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் முருகனுடைய படைவீடுகள் எனப்படும். படைவீடாவது, சேனை செலவொழிந்து தங்கும் பாசறை. மாணவர் உறையும் விடுதியும் இவ்வேரினதே.

இனி, ‘வீடு’ என்பது ‘இல்’ உருபேற்குங்கால் டகரம் இரட்டி ‘வீட்டில்’ என்றாகும். ‘வைகையாறு’ என்பதும் ‘வைகையாற்றில்’ என்றாகும். ‘காது’ என்பதோ இரட்டாது ‘காதில்’ என்றே நிற்கும். நெடிலையேனும் உயிரையேனும் தொடர்ந்த குற்றியலுகரங்களுள் டகர றகரங்களை ஊர்ந்தனவே வேற்றுமையில் இரட்டும் என்னும் நன்னூல் விதியின் நுட்பம் இதனால் விளங்கும். பன்மையில் ‘கள்’ இடையே நிற்றலின் ‘வீடுகளில்’ என இரட்டாது வரும்.

ஐரோப்பாவிலுள்ள அங்கேரியரும் இம்முறையே சொல்லை அடுக்குவர். ‘ஹாஸ்’ என்பது வீடு; ‘ஹாஸ்பன்’ வீட்டில்; ‘ஹாஸக்’ வீடுகள்; ‘ஹாஸக்பன்’ வீடுகளில். முதற்கண் பெயர், அதன்பின் பன்மை, ஈற்றில் உருபு. ஆயினும், ‘என் வீட்டில்’ என நாம் இரு சொல்லாற் கூறுவதை அவர் ‘ஹாஸம்பன்’ என ஒரு சொல்லால் முடிப்பர்.

இத்தகைய ஒப்புமைகளை நோக்கியே, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை அங்கேரியம், பின்னியம், துருக்கியம் முதலியன அடங்கிய சித்தியக் குழுவோடு உறவுபடுத்தினார். பிற்கால மொழிநூலார் அதனை ஏற்றிலர். ஒட்டுநிலை அமைப்பு உறவில்லாத மொழிகளிலும் தனித்தனியே தோன்றக்கூடும். வேர்ச்சொற்கள் ஒலித்திரிபு முறையோடு ஒத்தாலன்றி உறவு துணியப்படாது. பின்னியத்திற் குடிலைக் குறிக்கும் ‘கோத்தா’ அங்கேரியத்தில் ‘ஹாஸ்’ ஆயிற்று; மீனைக் குறிக்கும் ‘கலா’ ‘ஹல்’ ஆயிற்று. ககரம் ஹகரமாதல் அங்கு முறை. நம் ‘விடு’ கன்னடத்திற் ‘பிடு’ என்றும், ‘வீடு’ பாசறையையும் உறையுளையும் குறிக்கும் ‘பீடு’ என்றும் நிற்கும். வகரம் பகரமாதல் இங்கு முறை.

ஆகவே, ‘ஹாஸ்’ என்பதன் கிளை பின்னியத்தும், ‘வீடு’ என்பதன் கிளை கன்னடத்தும் உளவாக, இவ்விரண்டும் கட்டிய வகையாற் போன்றனவேயன்றிப் பிறந்த குடியால் ஒன்றல்ல என்று தெளிக.