கையும் கருத்தும்

சிறு குழந்தை ஒன்று தன் சட்டைக்குத் தானே பொத்தான் மாட்ட முயல்கிறது. பொத்தான் துளையில் புகவில்லை. குழந்தை மீண்டும் மீண்டும் முயல்கிறது. அருகிலிருக்கும் தாய் சிறிது நேரம் பார்க்கிறாள். பின்னர்ப் பொறுமையிழந்து தானே மாட்டிவிடுகிறாள். வேலை முடிந்துவிட்டது. ஆயினும் குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. உதவி பெற்ற குழந்தை ஏன் மகிழவில்லை? எளிதாகத் தோன்றும் இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்து, குழந்தைக் கல்வியின் போக்கையே மாற்றியவர் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைப் பலரும் விரும்பாத அக்காலத்தில், உரோமாபுரிப் பல்கலைக் கழகத்தில் பயின்று 1896-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பேணும் பணியில் ஈடுபட்டார். அவர்களுக்கு மருந்தினும் தக்க கல்வியே வேண்டுவது என்பதை அப்பணியில் உணர்ந்தார். தொட்டும் தடவியும் எடுத்தும் அடுக்கியும் பயிலத்தக்க பொருள்களைக் கொண்டு அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களுள் சிலர் பிற குழந்தைகளைப் போலவே எழுதவும் படிக்கவும் கற்றுத் தேர்வில் வெற்றி பெற்றனர். கண்டோர் அவரைப் பாராட்டினர். அம்மையாரோ, ‘குறையற்ற குழந்தைகள் இவர்களைவிட மிகுதியாக முன்னேறாதிருப்பதற்குக் காரணம் யாது?’ என்று சிந்திக்கலானார்.

அதனை ஆராயும் வாய்ப்பு 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் கிட்டியது. உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ என்னும் பகுதியில் பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டிருந்தன. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எட்டாத சிறுவர் கேட்பாரற்றுத் திரிந்து சுவர்களைப் பாழ்படுத்தினர். அவர்களை ஓரிடத்தில் அடக்கி வைப்பதே வீட்டு உரிமையாளரின் நோக்கம். அப்பொறுப்பை ஏற்ற அம்மையார் அவ்விடத்தைச் ‘சிறுவர் இல்லம்’ ஆக்கினார். அச்சமும் அழுகையுமாக வந்த ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளே முதல் மாணவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பெற்ற பெண் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர்.

அங்கு ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். அக்கட்டையில் அளவால் வேறுபட்ட பத்து உருளைகளும் அவற்றுக்கேற்ற பத்துக் குழிகளும் இருந்தன. ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், முடிவில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். ஆகவே, பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் வேண்டியதில்லை. கட்டையே அதனைக் காட்டிவிடும். சிறுமி உருளைகளை வெளியே எடுப்பதும் மீண்டும் பொருத்துவதுமாக இருந்தாள். அம்மையார் அவளைச் சுற்றிப் பிற குழந்தைகளைப் பாடச் செய்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். சிறுமியின் கவனம் சிறிதும் சிதறவில்லை. 40 முறைக்கு மேல் அவ்வேலையைச் செய்து முடித்தபின், நன்கு உறங்கி எழுந்தவள்போல் புன்னகையுடன் நிமிர்ந்தாள். குழந்தையின் மனம் இயல்பாகவே அலைபாய்வது என்று எண்ணியிருந்தோருக்கு இஃது ஒரு புதிய செய்தி. தன் வளர்ச்சிக்கேற்ற வேலை கிடைப்பின், சிறு குழந்தையும் தவம் செய்வார்போல் ஒன்றி நிற்கும்.

மற்றொரு நாள் குழந்தைகள் பலர் ஒரு நீர்த்தொட்டியைச் சூழ்ந்து நின்று, அதில் மிதந்த விளையாட்டுப் பொருள்களைக் கண்டு களித்தனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் பின்னால் நின்றான். கூட்டத்தை விலக்கிச் செல்ல அவனுக்கு வலிமை இல்லை. சுற்றுமுற்றும் நோக்கினான், ஒரு சிறு நாற்காலி அவன் கண்ணிற்பட்டது. அதன்மேல் ஏறிப் பார்க்கலாம் என்னும் எண்ணம் தோன்றவே, முகம் மலர அதனை நோக்கி நடந்தான். அந்நொடியில் ஆசிரியை விரைந்து வந்து, அவனைத் தூக்கிப் பிடித்துத் தொட்டியைக் காட்டினார். மிதக்கும் பொருள்களைச் சிறுவன் கண்டான். ஆனால், அவன் முகத்தில் மலர்ந்த ஒளி மறைந்துவிட்டது. தானே வழிகண்டு வெல்லும் இன்பத்தை அவன் இழந்துவிட்டான். ஆசிரியையின் செயலில் அன்பு இருந்தது. ஆயினும், வேண்டாத உதவி தடையாகவே முடிந்தது என்பதை அம்மையார் இந்நிகழ்ச்சியால் விளக்கினார்.

இதனால், குழந்தையை விருப்பம்போல் திரியவிடுவதே அம்மையார் கொள்கை எனக் கருதுதல் தவறு. அவர் தந்த உரிமைக்கு வரம்பு உண்டு. பிறருக்கு இடையூறு செய்தல் ஆகாது. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். ஒவ்வொரு வகைப் பொருளும் ஒன்றே இருந்தமையால், ஒருவன் வேலை முடியும்வரை மற்றவன் காத்திருத்தல் வேண்டும். இவ்வாறு, அறிவுரையாலும் தண்டனையாலும் புகட்ட இயலாத பொறுமை பழக்கத்தால் அமைந்தது. சிறுவர்க்கேற்ற சிறு நாற்காலிகள், கைக்கு எட்டும் தட்டுகள், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகள் ஆகியவற்றை ஆசிரியர் முன்னரே அமைத்து வைப்பர். பின்னர், ஒதுங்கி நின்று நோக்குவர்.

அவ்வெழுத்துகளை விரலால் தடவிப் பழகியதன் பயன் ஒரு குளிர்காலப் பகலில் வெளிப்பட்டது. மாடியில் அமர்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் அம்மையார் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்த சிறுவன் திடீரெனத் தனக்கு எழுதத் தெரியும் என்று கூவினான். தரையிலே ஒரு சொல்லை எழுதினான். எழுதுமாறு அவனுக்கு எவரும் கட்டளையிடவில்லை. விரல் முன்னரே அறிந்திருந்ததை மனம் அன்று கண்டுகொண்டது. அவன் எழுதிய முதற்சொல் ‘கை’ என்பதாகும்.

அம்மையாரின் முறை விரைவில் பல நாடுகளிலும் பரவியது. 1939-ஆம் ஆண்டு பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, அவர் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940-ஆம் ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவைச் சிறைக்காவலில் வைத்தது. அம்மையார் வெளியே செல்லவும் தடை விதித்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளில் மாரியோ விடுவிக்கப்பட்டார். இடையூறுகளுக்கிடையிலும் அம்மையார் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1952-ஆம் ஆண்டு ஆலந்து நாட்டில் அவர் மறைந்தார்.

குழந்தையின் கை பெரியோர் கையைப்போல் விரைந்து இயங்காது. ஒரு பொத்தானை மாட்ட அதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம். அவ்வைந்து நிமிடத்தில் அமைவது பொத்தான் மட்டும் அன்று. விரலின் திறனும், மனத்தின் உறுதியும், ‘என்னால் இயலும்’ என்னும் நம்பிக்கையும் உடன் அமைகின்றன. இல்லத்தில் தம்பி தங்கையரை உடைய மாணவர் எவரும் இதனை நாள்தோறும் காணலாம். அக்குழந்தை கேட்கும்பொழுது கைகொடுத்தலும், கேளாதபொழுது கைகட்டிக் காத்திருத்தலும் அன்பின் இரு கூறுகளே ஆகும்.