பச்ச உடம்புக்கு ஒரு சொம்பு தண்ணீர்

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதை அந்த நாளில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் நடந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பூண்டு வதங்கும் மணம், பிரசவ காயம் கிளறும் மணம், விளக்கு வைத்ததும் சாம்பிராணிப் புகை. காசிமேட்டிலிருந்து பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்வார்கள், பால் ஊறட்டும் என்று. பத்துக்குப் பத்து அறையில் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் பாயில் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைத்திருப்பார்கள். காதில் பஞ்சு. வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. சித்திரை மாதமாக இருந்தாலும் ஜன்னல் திறக்கமாட்டார்கள்.

"தாகமா இருக்கு" என்பாள் அவள்.

"பச்ச ஒடம்புடி. தண்ணி குடிச்சா வவுறு ஊதிப்பூடும். ரெண்டு முழுங்கு போதும்" என்பாள் ஆயா. காய்ச்சி ஆறவைத்த வெந்நீரைச் சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொம்பைக் கையோடு எடுத்துப் போய்விடுவாள். எங்கள் ஆயா அப்படித்தான் செய்தாள். அவளுடைய ஆயாவும் அவளுக்கு அப்படித்தான் செய்திருப்பாள். அதில் கொடுமை எதுவும் இல்லை. பேத்தியின் உடம்பு கெட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான்.

ஆனால் அந்தத் தாகத்துக்குப் பின்னால் பத்தியம் மட்டும் இருந்ததில்லை. இதை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். பத்துக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். தையல் போட்ட உடம்போடு, பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு, நாலு பேர் நிற்கும் வரிசையில் போய் நிற்க எவளால் முடியும்? குடித்தால்தானே போகவேண்டும் என்று அவளே குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். குடிக்கும் தண்ணீர் லாரியில் வந்தது. அடிபம்பில் வருவது வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். குடம் வைத்து இடம் பிடித்து, சண்டை போட்டுக் கொண்டுவரும் இரண்டு குடம் நல்ல தண்ணீர், வீட்டில் உள்ள எல்லோருக்கும். அதில் பிள்ளை பெற்றவளின் பங்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி ஜன்னிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைச் சொல்லும்போது பெண்களின் குரல் தணிந்துவிடும். பிரசவம் நல்லபடி முடிந்திருக்கும். ஏழாம் நாளோ பதினைந்தாம் நாளோ, தலைவலி என்பாள். தைலம் தடவுவார்கள், பற்றுப் போடுவார்கள். தலைவலி விடாது. வாந்தி எடுப்பாள். பிறகு கண் சொருகி, கை கால் வெட்டி இழுக்கும். ஒரு பக்கக் கை தொங்கிவிடும். பேச்சு குழறும். "ஜன்னி கண்டுடுச்சு" என்பார்கள். காத்து கருப்பு என்பார்கள். வேப்பிலை அடிப்பார்கள், தர்காவுக்குத் தூக்கிப்போவார்கள், கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். சிலர் பிழைத்தார்கள். சிலர் வாய் கோணி, கால் இழுத்தபடி மீதி வாழ்க்கையை நடந்தார்கள். சிலருடைய பிள்ளையைச் சித்தி வளர்த்தாள்.

ஜன்னி என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருந்தன. கிருமி தொற்றிய காய்ச்சல் இருந்தது. ரத்தக் கொதிப்பு ஏறி வரும் வலிப்பு இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் வெகுநாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது.

கர்ப்பம் தரித்த உடம்பு, பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே தயாராகிறது. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற பொருள்கள் பெருகுகின்றன; உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைகிறது. தாயைக் காப்பாற்ற இயற்கை செய்த ஏற்பாடு இது. பிள்ளை பிறந்த உடனே இது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முதல் ஆறு வாரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1856-ல் ரத்தக்கட்டியைப் பற்றி எழுதியதிலிருந்து மருத்துவ மாணவர்கள் மூன்று காரணங்களைப் படித்து வருகிறார்கள்: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தத்தின் தன்மையே மாறுவது. எங்கள் புடவைத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தவளைப் பாருங்கள். அசையாமல் படுத்ததில் ஓட்டம் மந்தம். பிரசவத்தில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. கர்ப்பத்தால் ரத்தம் ஏற்கெனவே மாறியிருக்கிறது. தண்ணீர் இல்லாமல் இன்னும் கெட்டியாகிறது. சோகையும் காய்ச்சலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று காரணமும் ஒரே பாயில் படுத்திருந்தன.

மூளைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படம் வரைந்து காட்டவேண்டியதில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் என்ன செய்கிறது? போக வழியில்லாமல் திரும்பி வீட்டுக்குள் ஏறுகிறது. மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கிக் கொண்டுபோகும் சிரை அடைத்தாலும் அப்படித்தான். பின்னால் ரத்தம் தேங்குகிறது, மூளை வீங்குகிறது, கடைசியில் சிறு குழாய்கள் உடைந்து உள்ளேயே கசிகிறது. அதனால்தான் முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு வலிப்பு.

இதைப் பேய் என்று விடாமல் எண்ணிப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டு மருத்துவர்கள். மதுரையில் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பக் காலத்திலும் பேறுகாலத்திலும் மூளைக் குழாய்களில் ரத்தம் உறைந்த 135 பெண்களைப் பற்றிய ஆய்வை 1983-ல் வெளியிட்டார். மேல்நாட்டில் அபூர்வம் என்று கருதப்பட்ட நோய், இங்கே இளம்பெண்களைப் பக்கவாதத்தில் தள்ளும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸிலும் அதே கதைதான். வீட்டுப் பிரசவம், சோகை, தொற்று, தண்ணீர் கொடுக்காத பத்தியம் என்று இந்திய மருத்துவர்கள் எழுதிய காரணங்களைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஆயாவின் சொம்புதான் கண்முன் வரும்.

ஆஸ்பத்திரி இல்லாத ஊர் அல்ல எங்களுடையது. ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ மருத்துவமனை 1880-லிருந்து இருக்கிறது. வடசென்னையில் எத்தனை தலைமுறை அங்கே முதல் மூச்சு விட்டதோ. ஸ்டான்லியை இன்றும் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. ஆனால் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும் என்று தோன்றவே நான்கு நாள் ஆகும். தோன்றியபின் ரயில்வே கேட். கும்மிடிப்பூண்டி வண்டி போகும், பின்னாலேயே கூட்ஸ் வரும். ரிக்‌ஷாவில் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பவளுக்கு விசிறிக்கொண்டே பெட்டிகளை எண்ணுவார்கள்.

போய்ச் சேர்ந்தாலும் அந்த நாளில் மண்டைக்குள் பார்க்க ஸ்கேன் இல்லை. கண்டுபிடித்தாலும் மருந்து கொடுக்கக் கை நடுங்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் புதிய மருந்தல்ல. ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் 1916-ல் அமெரிக்காவில் அதன் தடயத்தைக் கண்டுவிட்டார். ஆனால் மூளைக்குள் ஏற்கெனவே கசிவு இருக்கிறது. ரத்தத்தை இளக்கினால் இன்னும் கொட்டாதா? நியாயமான பயம். 1991-ல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் என்ற மருத்துவரும் உடன் பணிபுரிந்தவர்களும் வெறும் 20 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். ஹெபாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் சாகவில்லை, 8 பேர் முழுக்கக் குணமானார்கள். மருந்து பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். அடைப்பை நீக்கினால்தான் தேங்கிய வெள்ளம் வடியும். கால்வாய்க் கரையில் வாழ்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மருத்துவம் துணிந்து ஏற்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இதே ரத்தம் நேரெதிராகவும் போகும். பிரசவத்தில் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டாலோ, வயிற்றில் இறந்த சிசு பல நாள் தங்கிவிட்டாலோ, கடுமையான தொற்று ரத்தத்தில் கலந்தாலோ, உடம்பெங்கும் நுண்குழாய்களில் ரத்தம் கண்டபடி உறையத் தொடங்குகிறது. உறைவதற்கான சரக்கெல்லாம் அங்கே தீர்ந்துபோக, வேண்டிய இடத்தில் உறைய ஒன்றும் மிஞ்சாது. ஊசி குத்திய இடத்திலும் கசியும். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டுகிறதா என்று கட்டில் பக்கத்திலேயே நின்று பார்ப்பது பிரசவ அறையின் பழைய சோதனை. கண்ணாடிவிரியன் கடித்தவருக்கும் இன்றுவரை அதே சோதனைதான்: இருபது நிமிடம், ஒரு குழாய். அது கட்டாமல் தண்ணீராகவே ஓடினால் அந்த அறையில் யாரும் பேசமாட்டார்கள்.

பிறகு 2020 வந்தது. ராயபுரமும் தண்டையார்பேட்டையும் சென்னையில் கொரோனா அதிகம் பரவிய மண்டலங்களின் முன்வரிசையில் இருந்த ஜூன் மாதம் எங்கள் யாருக்கும் மறக்காது. தகரம் அடித்து அடைத்த தெருக்கள். அந்த ஆண்டுதான் டீக்கடையில்கூட 'டி-டைமர்' என்ற சொல் புழங்கியது. உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்கு அது. அளவு ஏறினால் உள்ளே எங்கோ உறைந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகம். வூஹானில் 183 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு, இறந்த 21 பேரில் 15 பேருக்கு உடம்பெங்கும் ரத்தம் உறையும் அந்தக் கோளாறு இருந்ததைச் சொன்னது. நெதர்லாந்தில் தீவிர சிகிச்சையில் இருந்த 184 பேரில் 31 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டியால் சிக்கல். பெரும்பாலும் நுரையீரலில். வயிற்றில் போடும் ஹெபாரின் ஊசி ஆண், பெண் எல்லோருக்கும் பழக்கமானது. ஊசியின் அளவைக் கூட்டினால் மிதமான நோயில் பலன், தீவிர சிகிச்சைக்குப் போனபின் பலனில்லை என்று 2021-ல் பெரிய ஆய்வுகள் காட்டின. சீக்கிரம் தொடங்கவேண்டிய மருத்துவம் இது.

அப்போது எனக்கு ஒரு வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆண்களும் அதிகாரிகளும் சாகத் தொடங்கியபோது ரத்தக்கட்டிக்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் கிடைத்து, பத்திரிகையில் முதல் பக்கமும் கிடைத்தது. பாயில் படுத்திருந்த இருபது வயதுக்காரிக்கு வந்தபோது அது ஜன்னியாகவே இருந்தது.

மாற்றம் வந்திருக்கிறது, அதை மனதாரச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் கிட்டத்தட்ட இல்லை. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் திறந்து, நாளுக்கு 10 கோடி லிட்டர் வரை தரும் வசதி வடக்குப் பக்கத்துக்குக் கிடைத்தது. உயிரோடு பிறந்த லட்சம் பிள்ளைக்கு 2004-06-ல் 111 தாய்மார் இறந்த மாநிலத்தில் 2018-20-ல் 54. ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனம் மூளைச் சிரை அடைப்பு வந்த 428 பேரைப் பற்றி 2012-ல் எழுதியது: பாதிக்கு மேல் ஆண்கள், பிரசவத்தால் வந்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்களிடம் குடி ஒரு காரணமாகத் தெரிந்தது. அன்று பெண்களின் நோய் என்று நினைத்தது முகம் மாறியிருக்கிறது.

புதிய கவலையும் வந்திருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வயிற்றைத் திறந்து எடுத்த பிரசவத்துக்குப் பின் ரத்தம் உறையும் அபாயம் சுகப்பிரசவத்தைவிட அதிகம். அதனால்தான் மறுநாளே நர்ஸம்மா வந்து எழுந்து நடக்கச் சொல்கிறார். உடன் இருக்கும் அம்மா தடுக்கிறாள்: "தையல் பிரிஞ்சிடும்மா, படுத்துக்கோ." தையல் பிரியாது. கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் காலில் ரத்தம் தேங்காது.

தண்ணீர் விஷயமும் முழுசாக மாறிவிடவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது, பாட்டில் தண்ணீர் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. இருந்தாலும் "கொஞ்சமா குடி" என்று ஒரு குரல் ஆஸ்பத்திரி வார்டிலும் கேட்கிறது. அந்தக் குரல் அன்பில்தான் வருகிறது என்பதால் அதை மறுப்பது கஷ்டம். மறுக்கத்தான் வேண்டும்.

பிள்ளை பெற்றவளின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், மார்பு வலித்தால், தலைவலி இரண்டாம் நாளும் விடாவிட்டால், பார்வை மங்கினால், கை மரத்துப்போனால், வலிப்பு வந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் சொல்லவேண்டியது, பிரசவமாகி இன்றோடு எத்தனை நாள் என்பது. காய்ச்சல் பகுதியிலோ கண் பகுதியிலோ உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் வழி தெரியாது. நாற்பது நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

அவள் தாகம் என்றால் சொம்பை எடுத்துப் போகாதீர்கள். நிறைத்து, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.