குழாய் இல்லாத புதுமனை

புதுமனையின் அடுக்களைக்கு எரிவாயுக் குழாயே வரலாகாது என்று ஒரு நாடு சட்டம் செய்திருக்கிறது. அது நெதர்லாந்து. எரிவாயு கிடைக்காத நாடன்று. தன் நிலத்தடியிலேயே அதனை ஏராளமாகப் பெற்றிருந்த நாடு!

1959-ஆம் ஆண்டு, அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள குரோனிங்கன் மாகாணத்தில் மாபெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. 1960-களில் நாடெங்கும் குழாய்கள் பதிக்கப்பட்டன. நிலக்கரி அடுப்புகள் மறைந்தன. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும், குளிக்க வெந்நீர் காய்ச்சவும், சமைக்கவும் எரிவாயுவே பயன்பட்டது. அரசின் கருவூலமும் நிரம்பியது.

ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த வயலின் மேல் குடியிருந்த மக்களே! சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள மணற்பாறையின் நுண்துளைகளிலிருந்து எரிவாயு வெளியேற வெளியேற, அங்கே அழுத்தம் குறைந்து பாறை இறுகியது, நிலம் அதிர்ந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹூய்சிங்க என்னும் சிற்றூரில் 3.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கட்டப்படாத செங்கல் வீடுகளில் விரிசல் விழுந்தது. அம்மக்களின் நலன் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டதென 2023-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே கூறியது.

இப்பின்னணியில்தான், புவி வெப்பமடைதலையும் கருத்திற்கொண்டு, 2018 ஜூலை 1 முதல் அனுமதி கோரும் புதிய வீடுகளுக்கு, சில விலக்குகள் தவிர, எரிவாயு இணைப்பு நிறுத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 அன்று குரோனிங்கன் வயலிலும் உற்பத்தி நின்றது.

புதிய வீடுகளை முதலில் தேர்ந்தது ஏன்? இன்று பதிக்கும் குழாய் பல்லாண்டுகளுக்கு நம்மைக் கட்டிப்போடும். பழைய வீட்டை மாற்றுவது பெருஞ்செலவு. புதிய வீட்டிலோ தொடக்கத்திலேயே சுவர்களை வெப்பம் கசியாதவாறு அமைத்துவிடலாம். சமையலுக்கு இன்டக்‌ஷன் அடுப்பு; வீட்டின் வெப்பத்திற்கும் வெந்நீருக்கும் 'ஹீட் பம்ப்' என்னும் கருவி. இது வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவதால், ஒரு பங்கு மின்சாரத்திற்குச் சுமார் மூன்று பங்கு வெப்பம் கிடைக்கிறது. சில பகுதிகளில், பல வீடுகளுக்குப் பொதுவான வெந்நீர்க் குழாய் அமைப்பும் உண்டு.

இதில் இடர்ப்பாடுகளே இல்லை என்று கூறுவதற்கில்லை. கருவியின் தொடக்க விலை அதிகம். மின்கம்பிகளின் கொள்ளளவு போதாமல் பல இடங்களில் நெரிசல் ஏற்பட்டுள்ளது. அந்நாட்டு மின்சாரத்தின் ஒரு பகுதி இன்னும் எரிவாயுவிலிருந்தே பிறக்கிறது. பழைய வீடுகள் பல இலட்சம் இன்னும் குழாயை நம்பியே உள்ளன.

எனினும் வாசகர்களே, அந்நாட்டின் அனுபவம் ஓர் உண்மையை உணர்த்துகிறது. நம் வீட்டு அடுப்பில் எரியும் சுடருக்கு எங்கோ ஓர் ஊர் விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம். மனை கட்டும்போது எவ்வளவு செலவாகும் என்று கேட்கும் நாம், அச்செலவு யார் தலையில் விழும் என்றும் கேட்கவேண்டும். அதனைக் கேட்பதற்கு ஏற்ற வேளை, அடித்தளம் இடுவதற்கு முன்புதான்.