வீடியோ எடிட்டிங்குக்கு எந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்?

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-ல் முடிந்ததும், கேமராவில் எடுத்ததை எடிட் செய்ய எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று நண்பர்கள் என்னைக் கேட்பார்கள்.

முதலில் கணக்கு. விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிபி இடத்தை விழுங்கும். ஆகவே 2 டிபி-க்குக் குறைய வேண்டாம்.

விலை குறைந்த போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர். வகை. ஓட்டுக் கூரை போல இவற்றில் டிராக்குகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும்; வேகம் படுத்துவிடும். சேமித்து வைக்க இது தாராளம். எடிட் செய்ய யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் செருகிய எஸ்.எஸ்.டி. தான் என் சிபாரிசு.

நம்மூர் உப்புக் காற்று கனெக்டரை அரிக்கும். வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள்.

எந்தக் கம்பெனி டிஸ்க்கும் ஒருநாள் மண்டையைப் போடும். வாரண்டியில் புது டிஸ்க் வரும், தேர் பவனி வராது! எனவே இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது; தூத்துக்குடியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒன்றை வெளியூர் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். நனைந்த டிஸ்க்கை, 'ஓடுதா பார்ப்போம்' என்றுகூட கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். அப்படியே டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டு போங்கள்.